சீர்த்தட்டில் தண்ணீர் பாட்டில்

இல்லங்க, எனக்குத் தண்ணி வேணாம். நீங்க குடிங்க. காலையில அஞ்சு மணிக்கு அரை டம்ளர் காப்பி குடிச்சதோட சரி, இனிமே மத்தியானச் சோத்துக்குத்தான். தண்ணியைக் குடிச்சா சும்மா சும்மா எந்திரிச்சுப் போகணும். இந்த மூணாவது மாடியில பாத்ரூம் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. என்னது, லிஃப்டுக்குப் பின்னாடியா? இருந்துட்டுப் போகட்டும்.

உள்ள இருக்கிறது உங்க வீட்டுக்காரரா? கல்லுதானா? சாதாரணக் கல்லா? கொடுத்து வச்சவங்க நீங்க. முதுகுப் பக்கம் கிட்னி, அதுக்குள்ள கல்லு. குப்புறப் படுக்கப் போட்டோமா, எடுத்தோமான்னு முடிஞ்சிரும். என் தம்பி கதை அப்படி இல்லை. அவனுக்குக் கிட்னி முன்னால இருக்கு. சிரிக்காதீங்க, நெசமாத்தான். வலது பக்கம், வேட்டி கட்டுற இடத்துல. கையை வச்சு அமுக்குனா தட்டுப்படும். ஏன்னா அது அவனோடது இல்லை, என்னோடது.

ஆமா, நான்தான் கொடுத்தேன். அஞ்சு வருசம் ஆச்சு. அவனோட ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போயி முதுகுப் பக்கம் சும்மா கெடக்கு, அதை யாரும் எடுக்கலை. மூணாவதா என்னோடதைக் கொண்டுபோயி முன்பக்கம் வச்சுத் தைச்சுருக்காய்ங்க. அது ஒண்ணுதான் வேலை செய்யுது. இன்னைக்கு உள்ள ஒரு தப்பு நடந்தா அம்புட்டுத்தான். மறுபடி ரத்தம் சுத்தம் பண்ற மெசின்லதான் கொண்டுபோயிப் போடணும்.

அந்தா, தூணுக்குப் பக்கத்துல பச்சைச் சேலை. மடியில பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காளே, அவதான் தம்பி பொண்டாட்டி. ஜெயக்கொடின்னு பேரு. நேத்துக் காலையில இருந்து நான் அவகிட்ட ஒரு வார்த்தை பேசலை. கேட்டா கேட்கட்டுமே, எனக்கென்ன பயம்?

என் பேரு தனபாக்கியம். இந்த ஊர்ல பெரிய ஜவுளிக் கடையில பட்டுச் சேலை செக்‌ஷன் நான்தான் பார்க்குறேன், இருபத்தாறு வருசமா. கல்யாணப் பார்ட்டின்னா என்னைத் தேடித்தான் வருவாங்க. எங்க கடையில பாத்ரூம் அஞ்சாவது மாடியில, குடோனுக்குப் பின்னாடி. போயிட்டு வர கால் மணி நேரம் ஆகும். அதுக்குள்ள பார்ட்டி அடுத்த செக்‌ஷனுக்குப் போயிரும். அதனால நான் சேர்ந்த மொத மாசமே பழகிட்டேன். காலையில ஒம்போது மணிக்கு உள்ள நுழைஞ்சா ராத்திரி கடை அடைக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டேன். இப்ப வர்ற பிள்ளைக ஆளுக்கொரு பாட்டிலைத் தூக்கிக்கிட்டு வருதுக. மணிக்கொரு தரம் அக்கா போயிட்டு வாரேன், அக்கா போயிட்டு வாரேன். உடம்பா அது? எங்க மேனேஜர் எல்லாரு முன்னாடியும் சொல்லுவாரு, தனபாக்கியத்தம்மாவைப் பார்த்துக் கத்துக்கங்கன்னு. வருசத்துல ரெண்டு மூணு தரம் நீர்க்கடுப்பு வரும். மோரைக் குடிச்சா சரியாப் போகும். அதெல்லாம் ஒரு வியாதியா?

குணசீலன் எனக்கு ஒரே தம்பி. மூணு வருசம் வாரத்துக்கு மூணு நாள் மெசின்ல கெடந்தான். கறுத்து வத்தி, கை பூராம் ஊசி குத்திக் குத்தி நரம்பு புடைச்சு, பார்க்கச் சகிக்காது. ஜெயக்கொடி நான் தாரேன் நான் தாரேன்னு அழுதா. அழுது என்ன செய்ய? ரத்தம் சேரலைன்னுட்டாங்க. என்னோடது அச்சு அசலாச் சேர்ந்துச்சு. சேராம எங்க போகும்? ஒரு வயித்துல பொறந்தவங்க. எங்க வீட்டுக்காரர்கூட யோசிச்சுக்கோன்னாரு. என்னத்த யோசிக்க?

ஆசுபத்திரியில வரிசையா அஞ்சாறு பேரு உட்கார்ந்துக்கிட்டு, காமிராவை வச்சுக்கிட்டு, யாராவது கட்டாயப்படுத்துனாங்களாம்மான்னு கேட்டாங்க. என்னையக் கட்டாயப்படுத்த எவன் பொறந்திருக்கான்னு கேட்டேன். அப்பறம் ஒரு டாக்டரம்மா கட்டுக் காகிதத்தை எடுத்துக்கிட்டு வந்து, இடதுல இப்படி, வலதுல இப்படி, அதனால எதை எடுக்கப் போறோம்னான்னு விளக்கம் சொல்ல ஆரம்பிச்சாங்க. "தாயே, விளக்கமெல்லாம் என் தம்பிகிட்டச் சொல்லுங்க. எனக்குக் கையெழுத்து எங்கன்னு மட்டும் காட்டுங்க"ன்னேன். பதினேழு இடத்துல போட்டேன். பேனாவை மூடிக் கொடுத்துட்டு எந்திரிச்சு வந்துட்டேன். கொடுக்கணும்னு முடிவு பண்ணின பிறகு வியாபாரம் மாதிரி உட்கார்ந்து பேசிக்கிட்டு இருப்பாங்களா?

கொடுத்தா மட்டும் போதுமா? வாங்குனவங்க அதைப் பார்த்துக்கணும்ல. செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. செவ்வாய்க்கிழமை தவறாம அவங்க வீட்டுக்குப் போயிருவேன். நேரா அடுப்படிதான். என்ன கொழம்பு, எம்புட்டு உப்பு, எதுக்குத் தக்காளி, யாரைக் கேட்டுக் கீரை வாங்குன? ஒரு தரம் ஊறுகாய்ப் பாட்டில் இருந்துச்சு. அவளுக்காம். எடுத்துக் குப்பையில போட்டேன். "இது உன் வீட்டு கிட்னி இல்லைடி, என் கிட்னி"ன்னு சொல்லிட்டு வந்தேன். வாயைத் திறக்கணுமே? திறக்க மாட்டா. சரிங்க மதினி, சரிங்க மதினி. அந்த ஊமைத்தனம்தான் எனக்கு ஆகாது.

அவ பார்க்குறது பூராம் கூத்துங்க. ஒரு பெரிய பாட்டிலை வாங்கி, நகத்துக்குப் போடுற பாலீசால கோடு போட்டு வச்சிருப்பா. எட்டு மணிக்கு இந்தக் கோடு, பத்து மணிக்கு இந்தக் கோடு, பன்னெண்டு மணிக்கு இந்தக் கோடு. அவன் கோடு கோடாக் குடிக்கணும். குடிக்கிறது மட்டுமா, போறதையும் அளப்பா. பாத்ரூம்ல அளவு ஜாடி. ஒரு நோட்டு. காலையில எம்புட்டு, சாயங்காலம் எம்புட்டு. விருந்தாளி வந்தா கூச்சமா இருக்காது?

அப்பறம் அந்தச் சீர். அதைச் சொல்லியே ஆகணும். ஆவணி மாசம் ஆப்பரேசன் ஆச்சு. பொங்கலுக்கும் தீவாளிக்கும் பொறந்த வீட்டுச் சீர் வாங்குறவங்க ஊர்ல ஆயிரம் பேரு இருக்காங்க. நான் அந்த ஆவணித் தேதிக்கு எனக்குச் சீர் வைக்கணும்னு சொல்லிட்டேன். நியாயம்தானே? தேங்காய் பழம், பூ, மஞ்சள் குங்குமம், சேலை, எல்லாம் தட்டுல வச்சுத் தருவா. கொறை சொல்லக் கூடாது, வைப்பா. ஆனா தட்டுல சேலைக்குப் பக்கத்துல என்ன வச்சிருப்பா தெரியுமா? ஒரு தண்ணி பாட்டில்! சீர்த்தட்டுல தண்ணி பாட்டில் வைக்கிறவளை நீங்க எங்கயாவது பார்த்திருக்கீங்களா? மொத வருசம் எவர்சில்வர், மறுவருசம் செம்பு. "மதினி, கடைக்குக் கொண்டு போங்க, மறக்காமக் குடிங்க"ன்னு காதுக்குள்ள முணுமுணுப்பா. எங்க கடைப் பிள்ளைககிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். அஞ்சு வருசத்துக்கு அஞ்சு பாட்டில் பரண்ல வரிசையாக் கெடக்கு. ஒண்ணோட மூடியைக்கூட நான் திறந்ததில்லை.

இம்புட்டு அளந்தும் என்ன ஆச்சு? போன மாசம் ஒரு நாள், ஜாடியில பாதிதான் வருது, கால் வீங்குதுன்னு இங்க கூட்டிட்டு வந்துட்டா. ஸ்கேன் எடுத்தா உள்ள கல்லு. கொட்டைப் பாக்கு அளவு. வழியை அடைச்சுக்கிட்டு ரத்தத்துல உப்பு ஏறிக் கெடக்கு. என் கிட்னியில கல்லு! எங்க வம்சத்துல யாருக்கும் கல்லு வந்ததில்லை. வார்டுன்னுகூடப் பார்க்காம அவளை நல்லாக் கேட்டேன். "நான் தங்கமாக் கொடுத்தேன், நீ சமைச்சுப் போட்டே கல்லாக்கிட்டியேடி"ன்னு கேட்டேன். பக்கத்துக் கட்டில்காரங்க பூராம் பார்த்தாங்க. அவ தரையைப் பார்த்துக்கிட்டு நின்னா. என் தம்பி இருக்கானே, அவன், "அக்கா விடுக்கா, அக்கா விடுக்கா"ன்னு பொண்டாட்டிக்குப் பரிஞ்சுக்கிட்டு வாரான்.

சொந்தக்காரங்க வேற. வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொல்லுன்னு ஒருத்தி. பீரு குடிச்சா அடிச்சுக்கிட்டு வந்துரும்னு எங்க சித்தப்பா மகன். மாத்து கிட்னிக்காரனுக்குப் பீராம்! அவன் குடிக்கிறதுக்கு என் தம்பி பேரைச் சொல்றான். இன்னொருத்தி கேட்குறா, கல்லுன்னா உசுரு போற மாதிரி வலிக்குமே, இவருக்கு ஏன் வலிக்கலைன்னு. எனக்கும் அதான் சந்தேகம். டாக்டர்கிட்டக் கேட்டேன். ரத்தக் குழாயைத் தைப்பாங்களாம், மூத்திரக் குழாயைத் தைப்பாங்களாம், நரம்பை மட்டும் தைக்க மாட்டாங்களாம். அதனால அது வலியைச் சொல்லாதாம். எங்க கடையில ஒரு ரவிக்கையை இப்படி அரைகுறையாத் தைச்சுக் கொடுத்தா மூஞ்சியில வீசிட்டுப் போவாங்க.

டாக்டர்னு சொல்றேன், ஆளைப் பார்த்தா கல்லூரிக்குப் போற மாதிரி இருக்காரு. நேத்துக் காலையில எங்க மூணு பேரையும் கூப்பிட்டு உட்கார வச்சு, ஒரு காகிதத்துல படம் போட்டாரு. பூசணிக்காய் மாதிரி ஒண்ணு, அதான் மூத்திரப்பையாம். எல்லாருக்கும் குழாய் அதுல கீழ் பக்கமா வந்து சேரும், இவருக்கு மேல கொண்டுபோயி ஒட்டியிருக்காங்க, அதனால கீழ இருந்து காமிராவை விட்டா வாசல் சிக்காதுன்னாரு. முதுகுப் பக்கமும் போக முடியாது, அங்கிட்டு இந்தக் கிட்னி இல்லை. அதனால மல்லாக்கப் படுக்க வச்சு, முன் வயித்துல பென்சில் கனத்துக்கு ஒரே ஒரு ஓட்டை. ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே குடலுக்கு ஓரமா உள்ள போயி, லேசரால கல்லைப் பொடி பண்ணி உறிஞ்சி எடுக்கணுமாம். ரத்தம் நிக்கலைன்னா கிட்னிக்கே ஆபத்துன்னும் சொன்னாரு. என் தம்பி மூஞ்சி செத்துப்போச்சு. அவ அவன் கையைப் பிடிச்சுக்கிட்டா.

நான் விடுவேனா? கையோட ஃபிலிமைக் கொண்டு போயிருந்தேன். அன்னைக்கு ஆப்பரேசனுக்கு முன்னாடி எனக்கு எடுத்த ஸ்கேன் ஃபிலிம். இருக்கா, தொலைஞ்சுச்சான்னு ஆசுபத்திரியில அவங்களுக்கே தெரியாது. என் பீரோவுல, முகூர்த்தப் பட்டுக்கு அடியில, கவரோட மடங்காம வச்சிருந்தேன். எடுத்து மேசை மேல வச்சேன். "சார், நான் கொடுக்கும்போது இது எப்படி இருந்துச்சுன்னு பாருங்க. இவ கையில அஞ்சு வருசம் இருந்து எப்படி ஆச்சுன்னும் பாருங்க"ன்னேன்.

அப்ப ஜெயக்கொடி பதறி எந்திரிக்கிறா. "சார், அது எதுக்கு சார் இப்ப"ங்குறா. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குதுன்னு நான் நெனச்சேன். பார்க்கட்டும்டின்னேன். டாக்டருக்கு வாயெல்லாம் பல்லு. "இதைத்தாம்மா நாங்க தேடிக்கிட்டு இருந்தோம்"னு விளக்குப் பெட்டியில மாட்டுனாரு. பார்த்தாரு. கிட்டப் போயிப் பார்த்தாரு. அப்பறம் விரலை வச்சுக் காட்டுறாரு. "இந்தா இருக்கு பாருங்க. இந்தக் கல்லு அப்பவே உங்ககிட்ட இருந்திருக்கும்மா."

ஒரு வெள்ளைப் புள்ளி. கடுகுகூட அதைவிடப் பெருசு. ஃபிலிம்ல அழுக்கா இருக்கும்னு சொன்னேன். அவரு துடைச்சாரு. நானும் எந்திரிச்சுப் போயி முந்தானையை வச்சுத் துடைச்சேன். போகலைங்க.

"மூணு மில்லிமீட்டர்ம்மா, இடது கிட்னியோட கீழ் முனையில. அதுதான் இப்ப வளர்ந்திருக்கு. ரிப்போர்ட்டுலயும் எழுதியிருக்கே, உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்களே?"ன்னு கேட்குறாரு. யாரும் சொல்லலைன்னேன். சொல்லலைதானே? அந்த டாக்டரம்மா ஏதோ ஆரம்பிச்சாங்க, அவ்வளவுதான். "அப்படிக் கொறை இருந்தா அதை ஏன் எடுத்தீங்க? வலது பக்கத்ததை எடுத்திருக்க வேண்டியதுதானே? என் தம்பிக்கு நல்லதைக் கொடுக்கத்தானே நான் வந்தேன்?"னு சத்தம் போட்டேன்.

அதுக்கு அவரு சொல்றாரு. "ரெண்டுல எது நல்லதோ அதைக் கொடுக்கிறவங்ககிட்டயே விட்டுரணும்மா. அதுதான் எங்க முறை. கொடுத்தவங்க பின்னாடி கஷ்டப்படக் கூடாது. கொஞ்சம் கொறை உள்ளதைத்தான் எடுப்போம். வாங்கிக்கிறவங்க அதுக்குச் சம்மதிக்கணும். இவங்க ரெண்டு பேரும் தெரிஞ்சுதான் சம்மதிச்சிருக்காங்க. இந்தாங்க, கையெழுத்து." கவருக்குள்ள இருந்த காகிதத்துல காட்டுறாரு. என் பீரோவுல, என் சேலைக்கு அடியில, அஞ்சு வருசமா அந்தக் கையெழுத்து இருந்திருக்கு.

வெளிய வந்து கேட்டேன். ஏன்டி சொல்லலை? நான் செவ்வாய்க்கிழமைக்குச் செவ்வாய்க்கிழமை வந்து கத்துனேனே, ஊறுகாயைத் தூக்கிப் போட்டேனே, வார்டுல வச்சு நாலு பேரு முன்னாடி கேட்டேனே, அப்பக்கூட ஒரு வார்த்தை சொல்லலையேடின்னேன். அவ சொல்றா, "கொடுத்தவங்ககிட்டப் போயி எப்படி மதினி சொல்றது? உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க கொடுத்ததே உங்களுக்குக் கசந்து போகும்னு அவரு சொன்னாரு. சந்தோசமாக் கொடுத்தீங்க. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டோம்."

பார்த்தீங்களா கள்ளத்தனத்தை? பெரிய தியாகி! புருசனும் பொண்டாட்டியும் சேர்ந்துக்கிட்டு அஞ்சு வருசமா என்னைய ஏமாத்தியிருக்காங்க. என்னைய மகராசி மாதிரி உட்கார வச்சு, சீர் வச்சு, கால்ல விழுந்து, எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே செஞ்சிருக்கா. எனக்கு எம்புட்டு அவமானமா இருந்துச்சு தெரியுமா? அவ திருப்பி நாலு வார்த்தை கேட்டிருந்தாகூட நான் தாங்கியிருப்பேன். அதான் பேசலை. அவகிட்டப் பேசுறதுக்கு என்ன இருக்கு?

கெளம்பும்போது டாக்டர் என்னைய நிறுத்தி, "நீங்க ஒரு நாளைக்கு எம்புட்டும்மா தண்ணி குடிப்பீங்க? உங்ககிட்ட ஒண்ணுதான் இருக்கு, நீங்களும் ஒரு ஸ்கேன் எடுத்துருங்க"ன்னாரு. எனக்கென்ன வந்துச்சு, நான் கல்லு மாதிரி இருக்கேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஆனா நேத்து வீட்டுக்குப் போயி ஃபிலிமைத் திரும்ப வைக்கலாம்னு பீரோவைத் திறந்தவ, பரணை அண்ணாந்து பார்த்தேன். அஞ்சு பாட்டில். ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, ஒண்ணை எடுத்துத் திறந்து பார்த்தேன். உள்ள துண்டுச் சீட்டு வச்சிருக்கா அவ. "ரெண்டு லிட்டர், மதினி"ன்னு எழுதி. அஞ்சையும் திறந்தேன். அஞ்சுலயும் சீட்டு. யாரு திறந்து பார்த்தா? கோட்டிக்காரி.

இருங்க, கதவு திறக்குது. குணசீலன் கூட வந்தது யாருன்னு கூப்பிடுறாங்க. அவ ஓடுறா பாருங்க. நான் எதுக்கு ஓடணும்? பொண்டாட்டி இருக்காள்ல. இல்லைங்க, நான் இங்கயே உட்கார்ந்துக்கிறேன். நர்ஸ் என்னமோ காட்டுறா. ஜெயக்கொடி மூஞ்சியைப் பொத்திக்கிட்டு நிக்கிறா. ஏங்க, என் கண்ணாடி பையில இருக்கு, நீங்க கொஞ்சம் பாருங்களேன். அவ சிரிக்கிறாளா, அழறாளா? ரெண்டுமா? அதென்ன ரெண்டும்?

இந்தா வாரா. என்னடி? சொல்லு. எடுத்துட்டாங்களா? பூராமா? ரத்தம்? நின்னுருச்சா? ஒண்ணுக்கு வருதா? பையில நெறைய வருதா? நீ பார்த்தியா, நர்ஸ் சொன்னதா? நீ பார்த்தியாடி?

அப்பாடா.

இதென்ன டப்பா? இதுதானா அது? மணல் மாதிரியில்ல இருக்கு. இதுக்குத்தான் இம்புட்டா? என்கிட்ட எதுக்குத் தார? லேபுல கொடுக்கணுமா? சரி, நான் வச்சிருக்கேன். என்னோடதுதானே.

அந்தப் பையில இருந்து என்னத்தை எடுக்குற? ஏன்டி, ஆவணிக்கு இன்னும் ஆறு மாசம் கெடக்கு, அதுக்குள்ள ஆறாவதா? கோடு வேற போட்டு வச்சிருக்கா பாருங்க, அதே பாலீசு. இப்ப மணி என்ன? பன்னெண்டா? எட்டு மணிக் கோடு, பத்து மணிக் கோடு எல்லாத்தையும் சேர்த்து ஒரேயடியாவா? மனுசி வயிறுடி இது, தொட்டி இல்லை. முறைக்காத. கொண்டா.

போதுமா? கோட்டுக்குக் கீழ போயிருச்சு, நல்லாப் பார்த்துக்கோ. உன் நோட்டுல எழுதிக்கோ. போ, போயி அவன் கண்ணு முழிக்கும்போது பக்கத்துல நில்லு, நான் பின்னாடி வாரேன்.

ஏங்க, இந்த டப்பாவைக் கொஞ்சம் பத்திரமா வச்சிருங்க. அந்தப் பாத்ரூம் எங்கன்னு சொன்னீங்க, லிஃப்டுக்குப் பின்னாடிதானே?